வீட்டின் வயதா, பத்திரத்தின் வயதா?

மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய தெருக்களிலோ, மந்தைவெளியிலோ, திருவல்லிக்கேணியிலோ ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், வாங்க நினைக்கும் குடும்பம் முதலில் அழைத்துப் போவது ஒரு கொத்தனாரை அல்லது பொறியாளரைத்தான். அவர் சுவரைத் தட்டுகிறார், தளத்தை அண்ணாந்து பார்க்கிறார், எண்பது வருஷக் கட்டடம், இடித்துவிட்டுக் கட்டுவதுதான் உத்தமம் என்கிறார். தரகரும் அதையே வேறு விதமாகச் சொல்கிறார்: கட்டடத்துக்கு மதிப்பு கிடையாது, மனைக்குத்தான் விலை. கிரவுண்டுக்கு இவ்வளவு என்று பேரம் தொடங்குகிறது. வழக்கறிஞர் கடைசியில் வருகிறார்; பல நேரங்களில் கடன் தரும் வங்கியின் வழக்கறிஞராக மட்டுமே வருகிறார். இந்த வரிசை தலைகீழானது என்பதே என் வாதம். நகரின் நடுவே பழைய வீடு வாங்குகிறவர்கள் கட்டடத்தின் வயதைக் கண்டு அளவுக்கு மீறி அஞ்சுகிறார்கள், உரிமைப் பத்திரத்தின் வயதைக் கண்டு போதிய அளவு அஞ்சுவதில்லை. இந்த ஒரு பிசகால் குடியிருக்கத் தகுந்த வீடுகள் இடிபடுகின்றன, வாங்கவே கூடாத வீடுகள் விலை போகின்றன.

கட்டடத்திலிருந்தே தொடங்குவோம். சென்னையின் பழைய பேட்டைகளில் இன்னும் நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையில் செங்கல் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும் 'மெட்ராஸ் டெரஸ்' என்ற தளமும் கொண்டவை. தேக்கு உத்தரங்களின் மேல் குறுக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மீது மெல்லிய சிறு செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்திக் காரையில் பதித்து, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கடுக்காய்த் தண்ணீர் தெளித்துப் பலகையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பது அதன் முறை. இந்தத் தளம் எங்கே பழுதாகும் என்பது தெரிந்த விஷயம். உத்தரம் சுவருக்குள் நுழையும் அந்த ஒரு சாண் இடத்தில்தான் ஈரம் தங்கும், அங்கேதான் மரம் இற்றுப்போகும், கரையானும் அங்கிருந்தே ஏறும். ஒரு ஸ்குரூடிரைவர் முனையை உத்தரத்தின் சுவரோரப் பகுதியில் அழுத்திப் பார்த்தால் மரம் கெட்டியாக இருக்கிறதா, மாவாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். இற்றுப்போன உத்தரத்துக்குப் பக்கத்தில் இரும்பு உத்தரம் கொடுத்துத் தாங்கவைக்கலாம். தளம் கசிந்தால் மேல் அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போடலாம். சுவரில் ஈரம் ஏறியிருந்தால் பெரும்பாலும் காரணம் சுவரல்ல, பின்னாளில் அதன்மேல் பூசிய சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும்தான். சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மேலே சிமென்ட்டைப் பூசி அதை அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். இவற்றில் எதுவும் மலிவான வேலை இல்லை, தெரிந்த ஆளும் எளிதில் கிடைக்கமாட்டார். ஆனாலும் இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற, மதிப்பீடு போடக்கூடிய, விலையில் கழித்துக் கேட்கக்கூடிய பழுதுகள்.

'பழையது' என்ற ஒரே சொல்லில் எல்லாக் கட்டடங்களையும் அடக்குவதும் தவறு. தொண்ணூறு வயதான காரை வீட்டைவிட நாற்பது வயதான கான்கிரீட் வீடு மோசமான நிலையில் இருக்கலாம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும். அது சுற்றியுள்ள கான்கிரீட்டை வெடிக்கவைத்துப் பெயர்க்கும். கடற்காற்றின் உப்பு அந்தத் துருவை விரைவுபடுத்தும். கூரையில் கம்பி தெரிகிற எழுபதுகள், எண்பதுகளின் அடுக்குமாடிகளைக் கடலோர வார்டுகளில் எங்கும் காணலாம். திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பரில் இடிந்து விழுந்த குடியிருப்புக்கு முப்பது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. முன்கூட்டியே ஆட்கள் வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. ஆகவே பொறியாளரிடம் கேட்க வேண்டியது வீட்டுக்கு எத்தனை வயது என்பதை அல்ல. எதனால் கட்டியது, எங்கே ஈரம் என்பதை. இன்னொன்று, வீட்டைச் சித்திரை வெயிலில் போய்ப் பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்க்க வேண்டும். வெள்ளையடித்துப் பூசி மறைத்ததையெல்லாம் வடகிழக்குப் பருவமழை இரண்டே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

கட்டடம் தொடர்பாக நான் உண்மையிலேயே அஞ்சுவது ஒன்றுதான், அது வீட்டுக்கு வெளியே இருக்கிறது. பழைய வீடுகள் தெருவிலிருந்து மூன்று நான்கு படி ஏறிப்போகும் உயரத்தில் கட்டப்பட்டவை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது. பல வீடுகளில் திண்ணைக்கு ஏறும் படிகளில் ஒன்றுதான் மிச்சம். சிலவற்றில் தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. 1920-களில் நெடும் ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தியாகராய நகரிலும் அதையொட்டிய மேற்கு மாம்பலத்திலும் இது சாதாரணக் குறையல்ல. 2015-இலும் 2021-இலும் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்ததைச் சென்னை பார்த்தது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கும் வேலை இன்று நகரில் நடக்கிறது. ஆனால் இரு வீட்டுக்கும் பொதுச் சுவர் இருக்கும் தெருக்களில் அது அநேகமாக முடியாத காரியம். தெரு மட்டத்துக்குக் கீழே போய்விட்ட, இருபுறமும் ஒட்டிய வீட்டை எந்த விலைக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

இனிப் பத்திரம். நகரின் நடுப்பகுதி வீடு என்றால் குறைந்தது மூன்று தலைமுறை கைமாறிய வீடு. தாத்தா 1930-களில் கிரையம் வாங்கியிருப்பார். உயில் எழுதாமல் இறந்திருப்பார். பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பாகம் பிரித்துக்கொண்டு, ஒருவர் முன்கட்டிலும் ஒருவர் பின்கட்டிலுமாக இருந்திருப்பார்கள். பெண்கள் கல்யாணமாகிப் போயிருப்பார்கள். 'அவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று' என்று குடும்பம் கணக்கை மூடியிருக்கும். சட்டம் அந்தக் கணக்கை மூடவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போனால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. ஆனால் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பத்தார் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்று தடுத்துவைத்தது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகள் பலவற்றில் பெண்களின் பங்கு ஏட்டில் இருந்தும் கைக்கு வராமல் அரை நூற்றாண்டு கிடந்ததற்கு இது முக்கியக் காரணம். 2005-இல் அந்தப் பிரிவு நீக்கப்பட்டது. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது, ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25-க்கு முன்பே மணமானவர்களை விட்டுவிட்டது. 2005 மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் அகற்றியது. வினீதா சர்மா வழக்கில் 2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதே பொருட்டல்ல என்று தீர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ நடந்த பாகப்பிரிவினைக்கு மட்டுமே பாதுகாப்பு. வாய்மொழிப் பாகப்பிரிவினை என்ற வாதத்தை, பொது ஆவணங்களின் வலுவான ஆதாரம் இருக்கும் அபூர்வமான சூழலில் தவிர, ஏற்கக் கூடாது என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது.

இதை வாங்குகிறவருக்கு நேர்ந்த தொல்லையாகப் பார்க்கிற மனநிலை நம்மிடம் இருக்கிறது. 'பெண்கள் கையெழுத்துதான் பிரச்சினை' என்று தரகர்கள் சலித்துக்கொள்வார்கள். பிரச்சினை பெண்களின் கையெழுத்து அல்ல, அவர்கள் உரிமையாளர்கள். உரிமையாளரைக் கேட்காமல் விற்கப்படும் பொருளை வாங்குவதற்கு நாம் வேறு எந்தக் கடையிலும் துணியமாட்டோம். மூத்த மகள் ஜம்ஷெட்பூரில் இருக்கலாம், காலமாகியும் இருக்கலாம். காலமாகியிருந்தால் அவருடைய பிள்ளைகள் அனைவரும் இப்போது பங்குதாரர்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொடுத்திருக்க வேண்டும். வெற்றுத்தாளில் எழுதி வாங்கிய சம்மதக் கடிதம் போதாது. ஒருவர் பங்கு விடுபட்டால், வாங்கியவர் வீட்டின் ஒரு பகுதிக்குத்தான் சொந்தக்காரர், மீதிக்கு அறிமுகமில்லாத ஒரு குடும்பத்தோடு கூட்டாளி. பல ஆண்டுகளாக அவர்கள் வாயே திறக்கவில்லை, உரிமை போயிருக்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். கூட்டுப் பங்குதாரருக்கு எதிராக அனுபோக உரிமை அவ்வளவு எளிதில் நிலைக்காது.

வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தாயிற்று, சுத்தமாக இருக்கிறது என்பது அடுத்த ஆறுதல். அந்தச் சான்றிதழ் பதிவான பரிவர்த்தனைகளை மட்டும் காட்டும். மரணம் அதில் வராது, பதிவு செய்யாத உயில் வராது, வாய்மொழிப் பாகம் வராது, நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. சென்னையில் உள்ள அசையாச் சொத்தை இந்து ஒருவர் உயில் எழுதி வைத்தால், உயர் நீதிமன்றத்தில் புரொபேட் வாங்குவது நெடுங்காலம் கட்டாயமாக இருந்தது. வாங்காமலே விட்ட குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட உயிலை நம்பி ஒரு மகன் மட்டும் விற்க வந்தால் அவருடைய சகோதரர்களும் சகோதரிகளும் என்ன சொல்கிறார்கள் என்று எழுத்தில் கேட்க வேண்டும். பவர் பத்திரத்தின் பேரில் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் இன்று உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க வேண்டும். அவர் இறந்த அன்றே பொதுவாக அந்தப் பவரும் செல்லாததாகிவிடும். வங்கி வழக்கறிஞர் வழக்கமாக முப்பது ஆண்டுக் கணக்கைப் பார்ப்பார். அது கடனைத் திரும்ப வாங்கும் வங்கியின் தேவைக்கு எழுதப்படும் கருத்து. பிள்ளைகளுக்கு விட்டுப்போக வீடு வாங்குகிறவருக்குத் தாத்தாவின் கிரையப் பத்திரம் வரை போக வேண்டியிருக்கும். பத்திரத்தில் எழுதிய அளவும் டவுன் சர்வே ஆவணத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா, பொதுச் சுவர் யாருடையது என்பதையும் சர்வேயரை வைத்து அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டடி வித்தியாசம் மயிலாப்பூர் விலையில் சில்லறை இல்லை.

கோயிலைச் சுற்றிய பேட்டைகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் அடிமனை. மனை தேவஸ்தானத்துக்குச் சொந்தமாக இருக்கும். மேலே உள்ள கட்டடம் மட்டும் விற்பவருடையதாக இருக்கும். மாதாமாதம் அடிமனை வாடகை கட்டிவந்த குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பின் அதைத் தன் மனை என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அறநிலையச் சட்டப்படி ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் மனையை விற்க முடியாது. பதிவுச் சட்டமும் அத்தகைய பத்திரத்தைப் பதிய மறுக்கச் சொல்கிறது. கட்டடத்தை மட்டும் வாங்குகிறோம் என்று தெரிந்து, அதற்குரிய விலையில் வாங்குவது வேறு. மனை விலை கொடுத்து அடிமனை வீட்டை வாங்குவது வேறு. தனியார் மனையிலும் இதற்கு இணையான சிக்கல் உண்டு. 1921-ஆம் ஆண்டு நகரக் குடிவாரதாரர் பாதுகாப்புச் சட்டம், வெறும் மனையை வாடகைக்கு எடுத்துத் தன் செலவில் கட்டடம் எழுப்பியவரை வெளியேற்ற வழக்குப் போட்டால், அந்த மனையைத் தனக்கே விலைக்குத் தரும்படி நீதிமன்றத்தில் கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது. வீட்டின் முன்பகுதியில் நாற்பது ஆண்டாக ஒரு கடை இருக்கிறது என்றால், அந்தக் கட்டடத்தை யார் கட்டினார் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுப்பது ஆபத்து.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு நியாயமானது. உரிமைச் சிக்கல் எந்தச் சொத்திலும் வரலாம், பழைய வீட்டை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது. நான் குறை சொல்லவில்லை. பத்திரம் சுத்தமாக இருக்கும் பழைய வீடு நகரில் கிடைக்கக்கூடிய சொத்துகளிலேயே மிக நல்லது என்பதே என் கருத்து. அடுக்குமாடியில் ஒருவருக்குக் கிடைப்பது மனையில் பிரிக்கப்படாத ஒரு சிறு பங்கு. கட்டடம் தளர்ந்தபின் மறுபடி கட்டுவதும் தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல. தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் 2022, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதித்தால் போதும் என்று வழியைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. ஆனாலும் அது பலரைக் கூட்டி எடுக்கும் முடிவுதான். தனி வீட்டில் மனை முழுவதும் உங்களுடையது, நேரமும் உங்களுடையது. கட்டடத்துக்கு மதிப்பில்லை என்று சந்தை சொல்வது உண்மையானால், குடியிருக்கத் தகுந்த ஒரு வீடு மனையோடு விலையில்லாமல் கிடைக்கிறது. அதை இடித்துத் தள்ளுவது ஏன் புத்திசாலித்தனம் என்று எனக்குப் புரியவில்லை.

இடித்துக் கட்டுவதே லாபம் என்பவர்களின் கணக்கு தளப்பரப்பு விகிதத்தை நம்பியது. 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் அந்த விகிதத்தை ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்த்தின. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம், இன்று 4,800. அகலமான சாலை என்றால் கூடுதல் கட்டணம் செலுத்தி இன்னும் ஏறலாம். கட்டுநர்கள் வாசலில் வந்து நிற்பது இதற்காகத்தான். ஆனால் அந்த 4,800 அடி காகிதத்தில் உள்ள உச்சவரம்பு. அரை கிரவுண்டு மனையில், குறுகிய தெருவில், முன்னும் பின்னும் விட வேண்டிய இடமும் கார் நிறுத்த இடமும் மாடிப்படியும் போனபின் எவ்வளவு மிஞ்சும் என்பதை ஒரு கட்டடக் கலைஞரிடம் வரைந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கட்டட விதிகள் வருவதற்கு முன்பே மனையின் விளிம்புவரை கட்டிய வீட்டை இடித்துவிட்டால், அந்த விளிம்பு திரும்பக் கிடைக்காது.

நகரின் நடுவே ஒரு குடும்பத்துக்கு ஒரு தனி வீடு என்பது ஆடம்பரம், ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் இருக்கும் இடத்தில் அதிகம் பேர் வாழ வழி செய்ய வேண்டும் என்பது இதைவிடக் கனமான மறுப்பு. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏற்கெனவே இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் அங்கே சந்திக்கப்போகின்றன. அகலமான சாலைகளில் உயரமாகக் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உள் தெருக்களின் நிலை வேறு. அங்கே குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பழைய அளவுக்குப் போட்டவை. மேலும் இந்தப் பழைய வீடுகள் ஒருபோதும் ஒரு குடும்பத்துக்கு மட்டும் இடம் கொடுத்தவை அல்ல. முன்கட்டு, பின்கட்டு, மாடி என்று மூன்று நான்கு ஒண்டுக் குடித்தனங்கள் இருந்த வீடுகள் அவை. தனி வாசல், தனிக் கழிப்பறை, தனி மின் இணைப்பு கொடுத்து இரண்டு குடும்பத்துக்குப் பிரித்தால் நகரத்துக்கு வேண்டிய நெருக்கம் கிடைக்கும், வாங்கியவருக்கு வாடகையும் கிடைக்கும்.

பணக் கணக்கில் பழைய வீடு ஓரவஞ்சனைக்கு ஆளாகிறது என்பதை மறுக்க முடியாது. இரண்டு கோடி ரூபாய்க்கு வாங்கும் வீட்டுக்கு முத்திரைத்தாள் வரி 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 18 லட்சம். அதே இரண்டு கோடிக்குக் கட்டுநரிடமிருந்து புதிய அடுக்குமாடி வீட்டை வாங்கினால், 2023 டிசம்பரில் வந்த மாற்றத்தின்படி மொத்தம் 7 சதவீதம், 14 லட்சம். 75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களில் சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. ஆக 50 லட்சமும் பதிவுச் செலவு 18 லட்சமும் கையிலிருந்து போக வேண்டும், பழுது பார்க்கும் செலவு தனி. கட்டடத்தின் மீதி ஆயுளைக் காட்டி வங்கிகள் கடன் காலத்தையும் குறைக்கக்கூடும். பல வாரிசுகள் விற்கும் வீட்டில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பதும் வழக்கமாக இருக்கிறது. அது சட்டப்படி குற்றம். தவிர, நாளை வழக்கு என்று வந்தால் பத்திரத்தில் இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்க வாங்கியவருக்கு எந்த ஆதாரமும் இருக்காது. விற்பவர்களில் ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் வழக்கமான ஒரு சதவீத வரிப்பிடித்தம் போதாது, அவர் பங்குக்கு மேலும் அதிகம் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குகிறவருடையது. இத்தனையையும் கூட்டிய பிறகு கையில் இருப்பு மிஞ்சாத குடும்பம் இந்த வீட்டை வாங்கக் கூடாது. பெரும்பாக்கத்திலோ மாதவரத்திலோ புதிய வீட்டில் கடன் சுமையில்லாமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

முடியக்கூடியவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளட்டும். முதலில் தங்கள் சொந்தச் செலவில் ஒரு சிவில் வழக்கறிஞர், வம்சாவளியை வரைந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இறப்புச் சான்றோ, வாரிசுச் சான்றோ, விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். அடுத்து சர்வேயர். அதன் பிறகு, மழை நாளில், காரைக் கட்டடம் தெரிந்த பொறியாளர். அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும்; எல்லா வாரிசுகளும் கையெழுத்திடாவிட்டால் அது முழுதும் திரும்பி வரும் என்ற ஷரத்தோடு கிரைய ஒப்பந்தம் பதிவாகட்டும். அரசின் பங்குக்கு ஒரு கோரிக்கை உண்டு. புதிய அடுக்குமாடிக்குக் கொடுத்த வரிச்சலுகையை, பழைய வீட்டை வாங்கிப் பத்தாண்டு இடிக்காமல் பழுது பார்த்துக் குடியிருப்பேன் என்று உறுதி தருபவருக்கும் கொடுக்க வேண்டும். உறுதியை மீறினால் விட்டுக்கொடுத்த வரியை வட்டியோடு வசூலிக்கலாம். தெருவை உயர்த்தாமல் பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே சாலை போட வேண்டும் என்ற உத்தரவை மாநகராட்சி மாட வீதிகளோடு நிறுத்தாமல் சந்துகளிலும் கடைப்பிடிக்க வேண்டும்.